எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, கால் மட்டும் வலிக்கிறது: தேர்வுக்கு ஓடலாமா?

பாம்பன் பக்கத்துக் கடலோர ஊரொன்றிலிருந்து 22 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தரக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வில் அவர் தேறிவிட்டார். உடல்திறன் தேர்வுக்கு இன்னும் ஏறத்தாழ பத்து வாரம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் பயிற்சி மையத்தில் சேர்ந்தவர், நாளுக்கு மூன்று கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை இரண்டு மாதத்துக்கு முன் சில வாரங்களுக்குள் எட்டுக் கிலோமீட்டராக உயர்த்தியிருக்கிறார். விடியுமுன் கடலோர ஈரமணலில் ஓடிப்போய்த் தார்ச்சாலை வழியாகத் திரும்புவது வழக்கம். தாயார் கடற்பாசி எடுக்கும் தொழில் செய்கிறார். மகளும் அவ்வப்போது உடன் போய், மூழ்கிப் பாசி பறித்து, நனைந்த மூட்டையைக் கரைக்குச் சுமந்து வருகிறார்.

வலது கணைக்காலின் உட்பக்கத்தில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஆறு வாரமாக வலி. தொடக்கத்தில் ஓட ஆரம்பித்ததும் வந்து சற்று நேரத்தில் மறைந்த வலி, இப்போது நடந்தாலும் வலிக்கிறது, இரவில் தூக்கத்தையும் கலைக்கிறது. வலி வந்த முதல் வாரத்திலேயே தனியார் மருத்துவமனை ஒன்றில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வைத்தியரிடம் போயிருக்கிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘செட்’ மாத்திரையை ஓடப்போகும் முன் விழுங்குகிறார். உடல் இளைத்தால் வேகம் கூடும் என்று பயிற்றுநர் சொன்னதால், சேர்ந்த நாள் முதலே காலையில் வெறும் வயிற்றிலும் இரவில் சோறில்லாமலும் இருந்து வருகிறார். “வலியைத் தாங்கி ஓடினால்தான் கால் உறுதிப்படும் என்கிறார் மாஸ்டர். எக்ஸ்ரேயும் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் இது வெறும் சதைவலிதானே? அண்ணன் நல்ல ஷூ வாங்கித் தருகிறேன் என்கிறான், அதில் சரியாகிவிடுமா?” என்பது கேள்வி. கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றும், பயிற்சிக்கு அதுவும் வசதியாகத்தான் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: நாளைக் காலை ஓடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் இது சதைவலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று மருத்துவர்கள் சொல்லும் எலும்பு விரிசலாக இருக்கக்கூடும் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். காலைத் தொட்டுப் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாதுதான். ஆனால் இந்தச் சந்தேகம் தீரும்வரை ஓடக் கூடாது என்று சொல்லத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அதோடு, கடைசி வரியில் வசதி என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. அந்த வரியும் உங்கள் கால்வலியும் ஒரே நோயின் இரண்டு முகங்களாக இருக்கலாம்.

ஓடுகிறவர்களுக்குக் கணைக்காலில் வரும் வலியில் இரண்டு வகை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று ‘ஷின் ஸ்பிளின்ட்ஸ்’. எலும்பின் உள்விளிம்பு நெடுக, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத நீளத்துக்குப் பரவலாக வலிக்கும், உடல் சூடேறியதும் குறையும், ஓய்வெடுத்தால் அடங்கும். மற்றொன்று விரிசல். அதில் வலி ஒரு புள்ளியில் குவியும், விரல் நுனியால் தொட்டுக் காட்டலாம். நாளாக நாளாக நடக்கும்போதும், முற்றினால் படுத்திருக்கும்போதும் விடாது. முதலாவதைக் கவனிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டாவது வந்து சேரலாம். உங்கள் வலி தொடங்கிய விதம் முதல் வகையையும், இப்போது இருக்கும் விதம் இரண்டாவதையும் ஒத்திருக்கிறது. ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். அது மருத்துவர் முன்னிலையில் செய்ய வேண்டிய சோதனை.

எக்ஸ்ரே சரியாக இருந்தது என்பதன் பொருள்

உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் தவறாகச் சொல்லவில்லை. அன்று அந்தப் படத்தில் முறிவு இல்லை, அவ்வளவுதான். இவ்வகை விரிசல் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எலும்பு தன்னைத்தானே ஒட்டவைக்கத் தொடங்கி, அந்த இடத்தில் புது எலும்பு படிந்த பிறகுதான் சிலருக்குப் படத்தில் தடிப்பாகத் தெரியும். சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே போவதும் உண்டு. எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை முதல் கட்டத்திலேயே காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான். ஆகவே வலி வந்த முதல் வாரத்தில் எடுத்த படத்தை ஆறு வாரம் கழித்தும் ஓடுவதற்கான அனுமதிச் சீட்டாக வைத்துக்கொள்ளக் கூடாது.

விரிசல் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாரம் ஏறினால் எலும்பு உறுதிப்படும் என்பது சரி. ஆனால் சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதுப்பூச்சு பூசுவார்கள் அல்லவா, எலும்பும் அப்படித்தான்: புதுப் பாரம் வந்ததும் முதலில் பழைய எலும்பை அரித்தெடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். பயிற்சியைக் கூட்டிய முதல் சில வாரங்களில் அரிப்பு முந்திக்கொள்வதால் எலும்பு வழக்கத்தைவிடச் சற்று வலுக்குறைந்திருக்கும். மூச்சும் சதையும் அதற்குள் பழகிவிடுவதால், இன்னும் ஓடலாம் என்று உடம்பு சொல்லும். எலும்புக்கு அந்த வேகத்தில் தேற முடியாது. மூன்று கிலோமீட்டரை எட்டாக உயர்த்தியதும், அதன் பிறகு இரண்டு வாரத்தில் வலி தொடங்கியதும் தற்செயலாகத் தோன்றவில்லை.

அதோடு உங்கள் கணக்கில் வராத பாரமும் இருக்கிறது. பாசி எடுக்கப் போகும் நாளை ஓய்வு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாறையில் கால் ஊன்றி நின்று, மூழ்கி எழுந்து, நனைந்த மூட்டையோடு கரையேறுவதை ஓய்வு என்று எந்தப் பயிற்சி அட்டவணையும் ஏற்காது. மணலையும் குறை சொல்ல வேண்டியதில்லை. தரை தரும் அதிர்வை அது குறைக்கவே செய்கிறது. ஆனால் கால் புதையும் மணலில் ஓட, கெட்டித்தரையில் ஓடுவதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். கெண்டைச் சதை அதிகம் இழுக்கும். அலை தொடும் ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. போகும்போது மணலிலும் திரும்பும்போது சாலையிலும் ஓடுவதால், தினமும் அதே கால்தான் கடல்பக்கச் சரிவில் இருக்கிறது. இவற்றில் எதுவும் தனியாக எலும்பை உடைத்துவிடாது. எல்லாம் ஒரே காலத்தில் சேர்ந்ததுதான் சிக்கல்.

நின்றுபோன மாதவிடாய்

கடுமையாகப் பயிற்சி செய்தால் மாதவிடாய் நிற்பது இயல்பு என்ற எண்ணம் விளையாட்டு உலகில் வெகுகாலம் இருந்தது, இன்னும் சில மைதானங்களில் இருக்கிறது. அது தவறு. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உணவு வராதபோது, உடல் உயிர்வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கிறது. கருமுட்டை வளர்ச்சி அவற்றில் ஒன்று. அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு அரிப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஹார்மோன் அதுதான். அரித்த இடத்தைத் திரும்பக் கட்டவும் ஆற்றல் வேண்டும், அதுவும் கையிருப்பில் இல்லை. பாரம் கூடி, உணவு குறைந்து, காப்பும் நீங்கிய எலும்பில் விரிசல் விழுவது வியப்பல்ல. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையைத் தனி நோய்நிலையாக வரையறுத்தது. ஆண்களுக்கும் இது வரும். எலும்பின் வலிமை இருபதுகளின் பிற்பகுதி வரைதான் சேர்கிறது என்பதால், 22 வயதில் இழப்பது வெறும் பத்து வாரக் கணக்கல்ல.

இருந்தாலும் காரணம் இதுதான் என்று நானே முடிவுகட்டிவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராத எந்தப் பெண்ணுக்கும் கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, புரோலாக்டின் ஆகிய சோதனைகளும், தேவைப்பட்டால் கருப்பை ஸ்கேனும் எடுப்பது வழக்கம். முதல் சோதனையைப் பற்றிச் சங்கடப்பட வேண்டாம். அது எல்லோருக்கும் செய்வது, உங்கள்மீது சந்தேகப்பட்டுச் செய்வதல்ல. கூடவே ஹீமோகுளோபினும் வைட்டமின் டி-யும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத கடற்கரைக்காரருக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். விடியுமுன் ஓடிவிட்டுப் பகலெல்லாம் அறைக்குள் படித்துக்கொண்டிருப்பவருக்கு நன்றாகவே குறையும். மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அதில் வரும் இரத்தப்போக்கு உடம்பு தேறிவிட்டதற்கு அடையாளம் ஆகாது. அடிப்படைக் குறை அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறைந்துவிடும்.

உணவில் நான் சொல்வது எளியது: சோற்றைத் திரும்பச் சேருங்கள். ஓடப்போகும் முன் ஒரு வாழைப்பழமோ ஒரு குவளை கேழ்வரகுக் கூழோ, பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் முட்டையோடு இட்லியும், மதியமும் இரவும் குழம்புச்சோறும் இருக்க வேண்டும். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கிடைக்கும். கடற்கரை வீடுகளில் மீனுக்குக் குறைவிருக்காது என்பது வெளியூர்க்காரர்களின் நினைப்பு. விலைபோகும் மீன் ஏலத்துக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். எலும்புக்கு வேண்டியது அந்த விலைமீனும் அல்ல. முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலியும் சாளையும்தான் கால்சியத்தில் முந்தியவை. சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும்.

செட் மாத்திரையும் எண்ணெய்த் தேய்ப்பும்

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிட்டு ஓடுவதுதான். விரிசல் இருக்கும் காலில் அந்த வலியைத் தவிர உங்களைக் காக்க வேறு எதுவும் இல்லை. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வெறும் வயிற்றில் குடற்புண்ணையும் தரலாம். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, அந்தச் செட்டில் என்னென்ன இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியாததுதான். பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தரும் இத்தகைய செட்டுகளில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல. அதை விழுங்கினால் வலி சட்டென்று விட்டதுபோல் இருக்கும். தொடர்ந்து விழுங்கினால் எலும்பு வலுவிழக்கும், மாதவிடாயும் குழம்பும். டைக்ளோஃபெனாக்கும் இந்த ஸ்டீராய்டுகளும் சட்டப்படி மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துகள். என்ன மாத்திரை என்று கேட்பதற்கும், அட்டையோடும் பில்லோடும் தாருங்கள் என்று சொல்வதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. மீதமிருக்கும் மாத்திரைகளைத் தூக்கியெறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டைச் சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. எப்படிக் குறைப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

நீவிவிடும் வைத்தியரிடம் உங்கள் அம்மாவுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் புண்படுத்த விரும்பவில்லை. சதைப்பிடிப்புக்கு மெல்லத் தேய்த்துவிடுவதில் சுகம் உண்டு. விரிசல் விழுந்த எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி வழித்துவிடுவது வேறு. அதை இத்தோடு நிறுத்திவிடுங்கள். இறுக்கிக் கட்டுப் போடவும் அனுமதிக்காதீர்கள், இரத்த ஓட்டம் தடைப்படலாம்.

பத்து வாரத்தை எப்படிச் செலவிடுவது

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்படியே ஓடிக்கொண்டிருப்பது முதலாவது. அதில் விரிசல் முழு முறிவாகி, தேர்வும் போய், அறுவை சிகிச்சைவரை சென்றுவிடும் அபாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்வது இரண்டாவது; அதில் எலும்பு ஆறும், ஆனால் சதையும் மூச்சும் தளர்ந்துவிடும். விளையாட்டு மருத்துவம் சொல்வது மூன்றாவது வழி: புண்பட்ட இடத்துக்குப் பாரத்தை நிறுத்திவிட்டு, மற்ற உறுப்புகளின் பயிற்சியைத் தொடர்ந்து, வலியில்லாத அளவுக்கு மட்டும் படிப்படியாகப் பாரத்தைத் திரும்ப ஏற்றுவது.

முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள், எம்.ஆர்.ஐ.க்காக மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினால் பயணத்துக்குச் சலித்துத் தள்ளிப்போடாதீர்கள். எலும்புக்குள் நீர்க்கோப்பு மட்டும் இருந்தால் சில வாரங்களில் தேறிவிடலாம். விரிசல் கோடே விழுந்திருந்தால் மூன்று மாதம்கூட ஆகலாம். இடமும் முக்கியம். கணைக்காலின் உட்புற விளிம்பில் விழும் விரிசல் பெரும்பாலும் நன்றாக ஆறும். எலும்பின் முன்விளிம்பிலோ தொடைஎலும்பின் கழுத்திலோ விழுந்தால் அது பிடிவாதக்காரி. அப்படியென்று மருத்துவர் சொன்னால் இந்த முறை தேர்வில் ஓடுவதை மறந்துவிட வேண்டும், அதில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன்.

நடக்கும்போது வலி இருக்கும்வரை ஊன்றுகோலோ மருத்துவர் தரும் பூட்ஸோ தேவைப்படலாம். பாசி மூட்டை சுமப்பதும் கூடாது. அதை அம்மாவிடம் எடுத்துச் சொல்வது கடினமென்றால் மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். வலியில்லாமல் நடக்க முடிந்ததும் நீங்கள் நன்கறிந்த கடலையே பயன்படுத்தலாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறத்தாழ பாதிதான் காலில் இறங்கும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. பாக் விரிகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும் நாளில், துணையோடு, ரப்பர் செருப்பு அணிந்து தண்ணீருக்குள் ஓடுங்கள். திருக்கை கிடக்கும் இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் உரசி நகர்த்த வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நீச்சலும், வலிக்காவிட்டால் மிதிவண்டியும் மூச்சைக் காப்பாற்றும். குண்டெறிதலுக்கு வேண்டிய தோள், முதுகுப் பயிற்சிகளை உட்கார்ந்தபடியே இன்றைக்கே தொடங்கலாம்.

எலும்பைத் தொட்டால் வலி இல்லை, ஒரு வாரம் நடந்தும் வலி இல்லை என்றான பின், மருத்துவர் சரியென்றால், கெட்டியான சமதரையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு நிமிடம் மெல்ல ஓடி இரண்டு நிமிடம் நடப்பதாகத் தொடங்குங்கள். மறுநாள் காலை வலி எட்டிப்பார்த்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். குதிகாலை உயர்த்தி நிற்கும் பயிற்சியை முதலில் இரண்டு காலிலும் பிறகு ஒற்றைக் காலிலும் செய்யுங்கள். நீளம் தாண்டுதல் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

இங்கே உங்கள் பயிற்சி அட்டவணையைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். பெண்களுக்கான தகுதி ஓட்டம் 400 மீட்டர், அதற்குத் தரப்படும் நேரம் இரண்டரை நிமிடம். அதாவது நூறு மீட்டருக்கு 37 விநாடிக்கு மேல், மணிக்கு 9.6 கிலோமீட்டர் வேகம். அடுத்த கட்டத்தில் நீளம் தாண்டுதல், குண்டெறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். இவற்றில் எதற்காக நாள்தோறும் எட்டுக் கிலோமீட்டர் ஓடுகிறீர்கள்? வாரத்தில் மூன்று நாள் குறுகிய தூரங்களை இடைவெளி விட்டு ஓடிப் பழகுவதே இந்தத் தேர்வுக்குப் பொருத்தம். உங்கள் மாஸ்டரிடம் சண்டை போட வேண்டாம். மருத்துவச் சீட்டைக் காட்டி இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். பல நூறு பேரை ஒரே அட்டவணையில் ஓடவைத்துப் பழகியவருக்கு ஒருவர் காலை மட்டும் தனியாக நினைக்க நேரம் இருந்திருக்காது.

அண்ணன் வாங்கித் தரும் ஷூவை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் அது மருந்தல்ல. விலையைப் பார்க்காமல், மாலையில் கால் சற்றே வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து, விரல் முனைக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருப்பதை வாங்குங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். தனியார் மருத்துவமனை உங்கள் சிகிச்சைக் குறிப்பைத் தரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது. மாதவிடாய் நின்றதை எலும்பு மருத்துவரிடமும், கால்வலியை மகளிர் மருத்துவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு பிரிவும் தனித்தனிக் கட்டடத்தில் இருப்பதால் நோயும் தனித்தனி என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. இதற்கிடையில் இடுப்புக் கவட்டிலோ தொடையிலோ வலி தொடங்கினாலும், காலை ஊன்றவே முடியாமல் போனாலும், கெண்டைக்கால் வீங்கிச் சூடாகிவிட்டாலும், புறநோயாளிச் சீட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.